பச்சைப் புள்ளி

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யாராவது ஒரு விஷயம் சொன்னால், "நீங்க நேர்ல பார்த்தீங்களா, பார்த்தவங்க சொல்லிக் கேட்டீங்களா?" என்று ஆரம்பிப்பாள். சொன்னவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போகும்வரை விடமாட்டாள். அப்படித் துருவித் துருவிக் கேட்டதால் வந்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவளும் போனை எடுத்தால் "துருவி பேசுறேன்" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். அவளுடைய வீட்டுக்காரர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் அவரை இளவயதிலேயே பிடித்துக்கொண்டது. "டீயில சர்க்கரை போட்டீங்களா?" என்று கேட்பாள். இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார். அவள் டம்ளரின் அடியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். "ஒரு போலீஸ்காரியைக் கட்டியிருந்தாக்கூட வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழட்டி வெச்சிருப்பா" என்று அவர் புலம்புவார்.

அதற்காக இவளை ஏதோ துப்பறியும் சிங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய, முழங்கால் வலியுள்ள, மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தலையில் வைத்துக்கொண்டே தேடுகிற சாதாரணப் பெண்பிள்ளை. தோளில் ஒரு துணிப்பை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும், ஓய்வூதியம் பற்றி விசாரிக்க வந்திருக்கிறாள் போல என்று நினைத்து உட்காரச் சொல்லிவிடுவார்கள். அந்த வயதுப் பெண்ணை இந்த உலகம் நாற்காலி மேஜைக்குச் சமமாகத்தானே மதிக்கிறது. அவளை வைத்துக்கொண்டே பெரிய மனிதர்கள் பெரிய பெரிய திருட்டுக்களைப் பேசினார்கள். அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆரம்பத்தில் அவள் பிழை திருத்துகிறவளாகத்தான் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் ஒரு நிருபர் அவசரத்தில் ஒரு காவலாளியைத் திருடன் என்று எழுதிவிட்டார். மறுநாள் மன்னிப்பு ஒன்று ஓர் ஓரத்தில், கடுகு அளவில் வந்தது. திருடன் என்று வந்ததைப் படித்தவர்களில் பாதிப் பேர்கூட அந்த மன்னிப்பைப் படிக்கவில்லை. அந்தக் காவலாளி அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டாள். எழுத்தில் பிழை இல்லாமல் தான் திருத்தி அனுப்பிய செய்திதானே அது என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆசிரியரிடம் போய் நிருபர் வேலை கேட்டாள்.

அவளுடைய வித்தைகள் என்று எடுத்துச் சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு நிறுவனத்தைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர்களிடம் போகமாட்டாள், வெளியே வந்தவர்களைத் தேடுவாள். அவர்களிலும் கோபமாக இருப்பவர் ஒன்றைப் பத்தாகச் சொல்வார், வருத்தமாக இருப்பவர் பத்தை ஒன்றாகச் சொல்வார், இரண்டையும் கழித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பாள். அவர்கள் அச்சடித்துக் கொடுப்பதைவிட அவர்கள் குப்பையில் போடுவதை நம்புவாள். யாராவது படம் அனுப்பினால் ஆளைப் பார்க்குமுன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பின்னால் கடைப் பலகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். ரகசியமாகப் பேச வருகிறவரைச் சந்திக்கப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். அப்போது யார் கூப்பிட்டாலும் வாத்தியார் எடுத்து, "குளிக்கிறா" என்று சொல்லிவிடுவார். ஊரிலேயே அவளைப்போலச் சுத்தமான பெண் கிடையாது என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி ரகசியம் சொல்கிறவர்களின் பெயரை மனதுக்குள்கூட அவள் சொல்லிப் பார்க்கமாட்டாள். ஆளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு பட்டப்பெயரை வைப்பாள். ஆறடி ஆள் ஒருவருக்குச் சுண்டெலி என்று பெயர். இப்போது நாம் சொல்ல வந்த பெண்ணுக்கு யானை. ஊதினால் பறந்துவிடும் உடம்பு அவளுக்கு.

அந்தப் பெண் முதலில் வந்தது ரகசியம் சொல்ல அல்ல, இரங்கல் விளம்பரம் கொடுக்க. மதிய நேரம். விளம்பரக் கவுண்டரில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். ஆள் வரும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்று துருவி அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் ஒரு புகைப்படத்தை நீட்டினாள். முப்பது வயதுகூட மதிக்க முடியாத முகம், சிரித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் என்றாள், வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கை. துருவி வழக்கமான வாசகத்தை எழுதிக் காட்டினாள். அந்தப் பெண் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"உடல்நலக் குறைவால்ங்கிறது வேண்டாம்."

"பின்ன என்னம்மா போடுறது? உடம்பு சரியில்லாமத்தானே?"

"உடம்பு நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்களே" என்று சொன்னவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

துருவி அப்போது எதுவும் கேட்கவில்லை. வாய் தானாகத் திறந்த இடத்தில் கையை விட்டு இழுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். விளம்பரத்தை அந்த வரி இல்லாமலே எழுதி வாங்கிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். போகும்போது மட்டும், "இந்தத் தெருக்கோடியில ஒரு தையல் கடை இருக்கும்மா. சாயங்காலம் பெரும்பாலும் நான் அங்கதான் இருப்பேன்" என்றாள்.

அந்தத் தையல் கடையில் நான்கு மிஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். டெய்லருக்குக் காது பாதி மந்தம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதோடு சொன்னால்தான் கேட்கும், அடுத்த பெஞ்சுக்குப் போகாது. அங்கே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தால் ஏன் என்று யாரும் கேட்கப் போவதும் இல்லை. இந்த விஷயத்துக்காகத் துருவியின் ஒரே ஜாக்கெட்டை அந்த டெய்லர் பிரித்துப் பிரித்துத் தைத்தார். இந்த அம்மா வாராவாரம் இளைக்கிறாளா ஊதுகிறாளா என்று அவருக்கே குழப்பம்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். ஊரில் பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை.

"எல்லா ரத்தத்தையும் மெஷின்ல போட மாட்டாங்க அக்கா. வயசு கம்மி, பார்க்கத் தெம்பா இருக்கிற ஆளு, சும்மா ஒரு தடவை பார்த்துக்கலாம்னு வந்தவங்க, இவங்க ரத்தத்தையெல்லாம் அப்படியே தொட்டியில ஊத்திடுவாங்க. நான் நம்பர் போடுவேன். எல்லாம் சரியா இருக்கிற மாதிரி, ஆளுக்குக் கொஞ்சம் ஏத்தி, கொஞ்சம் இறக்கி. எல்லாருக்கும் ஒரே நம்பர் வந்தா சந்தேகம் வருமே."

"யாரோடதுக்கு அப்படிப் போடணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்பர் பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி வரும். முதலாளி அவர் ரூம்ல இருந்தே வைப்பாரு. பச்சைப் புள்ளின்னா லேப்ல எல்லாருக்கும் தெரியும் அக்கா."

துருவி தலையாட்டினாள்.

நாத்தனார் அந்தக் கூடத்துக்கு வந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சோர்வாக இருக்கிறது, ரத்தம் பார்க்க வேண்டும் என்று நாத்தனார் சொன்னபோது, "எங்க இடத்துல கூட்டமா இருக்கும்மா, வேற எங்கயாவது பாரு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாத்தனாரோ, நம்ம அண்ணி வேலை பார்க்கிற இடம், நம்பிப் போகலாம் என்று அங்கேயே போயிருக்கிறாள். குழாயின் மேல் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் மருத்துவமனையில், சிறுநீரகம் இரண்டும் போய் ரொம்ப நாளாகிறது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் என் வீட்டுக்காரர் அந்த ரிப்போர்ட்டை எடுத்துட்டு வந்து என்கிட்ட நீட்டுறாரு. எல்லாம் சரின்னுதானே கொடுத்தாங்க, அப்புறம் எப்படிம்மான்னு குழந்தை மாதிரி கேக்குறாரு. நான் போட்ட நம்பர் அக்கா. என் கை வழக்கமாப் போடுற நம்பர், எனக்குத் தெரியாதா?"

மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. துருவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரு வரக் கூடாது அக்கா. போலீஸுக்குப் பயந்து சொல்லலை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சூதுவாது தெரியாது. மெஷின் காட்டுறதை நான் அப்படியே அடிக்கிறேன்னு நினைச்சிட்டு இருக்காரு. தங்கச்சின்னா அவருக்கு உயிரு. எனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

"நீயா வந்து என் பேரைச் சொல்லுங்கன்னு சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர்கிட்டகூட" என்றாள் துருவி.

அதற்குப் பிறகு துருவி வேலையில் இறங்கினாள். ஒருத்தி அழுதுகொண்டு சொன்னாள் என்பதற்காக எழுதிவிட முடியாது. தன் ரத்தத்தையே இரண்டு பெயர்களில் கொடுத்துப் பார்த்தாள், இரண்டு விதமாக முடிவு வந்தது. வாத்தியாரைக் கூட்டிப்போய், வயதைக் குறைத்துச் சொல்லி, தலைக்குச் சாயம் பூசி உட்காரவைத்தாள். அவருக்குச் சர்க்கரையே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்துவிட்டு, "கொண்டா, மூணு கரண்டி போட்டு ஒரு டீ" என்றார். பழைய பொருள் வாங்கும் கடையில், அந்தக் கூடத்திலிருந்து வருகிற காலி மருந்துப் பெட்டிகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள். அங்கே சோதிப்பதாகச் சொல்லும் ரத்தத்துக்கு அந்த மருந்து கால்வாசிகூடப் போதாது என்று, மருந்து விற்கும் இன்னொரு கம்பெனிக்காரர் சொன்னார். குழாய் கழுவும் வேலையிலிருந்து நின்றுபோன ஒரு பெரியவரையும், ரத்தம் ஏற்றி வரும் வேன் டிரைவர் ஒருவரையும் தேடிப் பிடித்தாள். ஊற்றுவது உண்மைதான் என்று இரண்டு பேரும் தனித்தனியே சொன்னார்கள்.

இனி எழுத வேண்டியதுதான் பாக்கி. அதற்குமுன் குற்றம் சாட்டப்படுகிறவரிடம் போய், இப்படிச் சொல்கிறார்களே, உங்கள் பதில் என்ன என்று கேட்க வேண்டும். அது அவர்கள் தொழிலில் கட்டாயம். "அவனுக்கும் ஒரு வாய் இருக்கும்மா, அது என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வா" என்றார் ஆசிரியர்.

துருவி கேள்விகளைச் சலித்துச் சலித்து எடுத்தாள். எந்தக் கேள்வியாவது ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்குமா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். தொட்டி எந்த அறையில் இருக்கிறது என்பதை நீக்கினாள். எந்த நேரத்தில் ஊற்றுகிறார்கள் என்பதை நீக்கினாள். பச்சைப் புள்ளியை மட்டும் விட்டுவைத்தாள். இதையெல்லாம் செய்யச் சொன்னது முதலாளிதான் என்று காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது. அதை விட்டுவிட்டால் பழி முழுக்க வேலையாட்கள் தலையில் விழும் என்று நினைத்தாள். கழுவும் பெரியவரிடமோ டிரைவரிடமோ அந்தப் புள்ளியைப் பற்றி அவள் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைத் தனியாக வேறு எதற்குக் கேட்பது?

முதலாளி மிகவும் மரியாதையாக உட்காரவைத்தார். எல்லாக் கேள்விக்கும் கோபப்பட்டார், சத்தம் போட்டார், வக்கீல் பெயரைச் சொன்னார். "பச்சைப் புள்ளின்னு ஒண்ணு வைக்கிறீங்களாமே சார், அது எதுக்கு?" என்று கேட்டபோது மட்டும் அவருக்குக் கோபம் வரவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவை மூடி வைத்தார். "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. காபி சாப்பிடுறீங்களா?" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் குழைகிறான் என்று நினைத்துக்கொண்டு துருவி பஸ் ஏறினாள்.

செய்தி வந்தது. ஊரே கொந்தளித்தது. கூடத்தின் முன்னால் கூட்டம் கூடிக் கண்ணாடியை உடைத்தார்கள். அதிகாரிகள் வந்து பூட்டி முத்திரை வைத்தார்கள். அலுவலகத்தில் துருவியின் மேஜைக்கு வந்து ஆளாளுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் முதலாளி கேமராக்களுக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் ஏமாந்துட்டேன். முடிவு ஏத்துற பொண்ணு, மெஷின்ல போடச் சோம்பேறித்தனப்பட்டு, அவளே நம்பர் அடிச்சிருக்கா. எல்லாம் அவ பாஸ்வேர்டுலதான் இருக்கு. பேப்பர்லயே போட்டிருக்காங்களே, பச்சைப் புள்ளின்னு. அந்தப் புள்ளி அவ கம்ப்யூட்டரைத் தவிர வேற எந்தக் கம்ப்யூட்டர்லயும் கிடையாது. எதை ஊத்தணும்னு அவளே வெச்சுக்கிட்ட அடையாளம்."

துருவி அலுவலகத்து டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாருக்கும் தெரியும் என்று அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை. அவள் உலகத்தில் அந்தப் புள்ளிதான் எல்லாம். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, மற்றவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியிருக்கிறது. கழுவுகிறவருக்கு ஒரு தட்டு வரும், ஊற்றுவார். டிரைவர் பெட்டியை இறக்குவார். புள்ளியைக் கண்ணால் கண்டவர்கள் அந்தக் கட்டடத்தில் இரண்டே பேர், ஒருவர் முதலாளி. ரத்தத்தை ஊற்றுவது உண்மையா என்று துருவி துருவினாள். புள்ளி எத்தனை பேருக்குத் தெரியும் என்று துருவவில்லை. அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்த நொடியிலேயே, பேசியது யார் என்று முதலாளிக்குத் தெரிந்துபோயிற்று. காபி சாப்பிடச் சொன்னது அதற்குத்தான். பாவி மனிதன், அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு நல்ல பெயர் வந்துவிடுமே.

அன்றைக்கே அந்தப் பெண்ணைக் கைது செய்தார்கள். முதலாளி ஜாமீனில் வீட்டில் இருந்தார், அவள் சிறையில் இருந்தாள். செத்துப்போன நாத்தனாரின் முடிவும் அவள் ஏற்றியதுதான் என்று வெளியே வந்தபோது, ஊர் அவளைப் பேய் என்றது. கேட்கக் கூசுகிற வார்த்தையெல்லாம் சொன்னார்கள்.

துருவி ஆசிரியரிடம் போய் நின்றாள். "எனக்கு இதைச் சொன்னதே அவதான்னு நான் கோர்ட்ல சொல்லிடுறேன் சார். தப்புப் பண்றவ எதுக்குப் பத்திரிகைக்கு வந்து சொல்லப் போறா?"

"அவ சொல்லச் சொன்னாளா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"இல்ல."

"அப்ப போய்க் கேளு. நீயா முடிவு பண்ணாதே."

குற்றம் சாட்டப்பட்டவரைப் பேட்டி காண வேண்டும் என்று சொல்லிச் சிறையில் அனுமதி வாங்கினாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசினார்கள். தையல் கடையைவிட அங்கே சத்தம் அதிகம். அந்தப் பெண் இன்னும் இளைத்திருந்தாள்.

"என்னாலதாம்மா. அந்தப் புள்ளியைக் கேட்டிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு."

"நான்தானே அக்கா எல்லாருக்கும் தெரியும்னு சொன்னேன்."

"நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே உன் பேரைச் சொல்லிடுறேன். நீ வெளியே வந்துடலாம்."

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "வேண்டாம் அக்கா. அவர் வாராவாரம் வந்து பார்க்குறாரு. ஊரே திட்டுது, மாமியார் பேச மாட்டேங்கறாங்க. அவர் மட்டும், என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது, கொடுத்ததை அடிச்சான்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டு இருக்காரு. வக்கீல்கிட்டயும் அதையேதான் சொல்லியிருக்கேன். நான்தான் பேப்பர்ல சொன்னேன்னு ஆச்சுன்னா, எனக்கு எல்லாம் தெரியும்னு ஆயிடும். தெரிஞ்சுக்கிட்டே தங்கச்சியை விட்டேன்னு ஆயிடும். ஜெயில்ல இருந்து என்னைக்காவது வெளியே வந்துடலாம் அக்கா. அவர் மனசை விட்டுப் போயிட்டா நான் எங்க போவேன்?"

"தண்டனை கொடுத்துட்டாங்கன்னா?"

"கொடுக்கட்டும். நம்பர் போட்ட கை இதுதானே."

கொடுத்த வாக்கை முறிக்கத் துருவிக்கு இப்போது வழியில்லை. போலீஸ் வந்து, உங்களுக்கு உள்ளேயிருந்து சொன்ன ஆள் யார் என்று கேட்டது. சொல்ல மாட்டேன் என்றாள். மிரட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். வீட்டில் அவள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வாத்தியார் தன் தட்டையும் தள்ளி வைத்துவிடுவார். கைகொடுத்த அலுவலகத்துக்காரர்கள் அந்தச் செய்தியை விருதுக்கு அனுப்பலாம் என்றார்கள். அவள் ஆசிரியர் அறைக்குப் போய், அனுப்பினால் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு நாள் காலையில் வரவேற்பிலிருந்து, உங்களைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார் என்று கூப்பிட்டார்கள். கீழே போனாள். கறைபடிந்த வேலைச் சட்டை, கையில் ஒரு கருவிப் பை. வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக் என்றார். யாருடைய கணவர் என்று அவர் சொல்வதற்கு முன்பே துருவிக்குப் புரிந்துவிட்டது.

"உக்காருங்க தம்பி."

"இல்லைங்க மேடம். ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடுறேன். உள்ளே இருந்த ஒரு ஆள் சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்களே. அந்த ஆள் யாரு?"

"அதைச் சொல்லக் கூடாது தம்பி. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பேரைக்கூடச் சொல்ல வேண்டாம் மேடம். நீங்களே போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. ஒரு பொண்ணு அநியாயமா உள்ளே இருக்கான்னு சொல்லுங்க. எல்லாம் தெரிஞ்ச ஆள் அவங்க, கோர்ட்ல வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவ வெளியே வந்துடுவா. எனக்குச் சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு. அம்மா எங்கன்னு கேட்டா, வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். நான் வேணும்னா அவங்க கால்ல விழறேன்."

துருவி வாயைத் திறந்தாள். அவள்தான், உங்க வீட்டுக்காரிதான், ஊரைக் காப்பாற்ற வந்து சிக்கிக்கொண்டவள் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இந்த மனிதரின் நல்ல முகத்தைப் பார்த்தால், சொன்னாலும் மன்னித்துவிடுவார் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அது துருவி எடுக்க வேண்டிய முடிவு இல்லை.

"வர மாட்டாங்க தம்பி. நான் கேட்டுப் பார்த்துட்டேன்."

"கேட்டீங்களா? கேட்டும் வர மாட்டேன்னாங்களா?"

"ஆமா."

அவர் கருவிப் பையைத் தரையில் வைத்தார். பிறகு நிமிர்ந்தபோது அந்த நல்ல முகம் வேறாக இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்த ஆளுதானே அது. என் தங்கச்சி போய் ரத்தம் கொடுத்த அன்னைக்கும் அந்த ஆள் அங்கதானே இருந்திருக்கும். ஒரு வார்த்தை, இங்க வேண்டாம்மான்னு சொல்லியிருந்தா அவ பொழைச்சிருப்பா. இப்ப என் பொண்டாட்டியையும் உள்ளே வெச்சுட்டு அது மட்டும் வீட்டுல நிம்மதியாத் தூங்குது." அவர் பையை மறுபடி கையில் எடுத்தார். "அந்த ஆள் நல்லாவே இருக்காது மேடம். அது குடும்பம் விளங்காது. அது பெத்த பிள்ளை அதை அம்மான்னோ அப்பான்னோ கூப்பிடக் கூடாது. பார்த்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். துருவி வரவேற்பு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறாள். எதுவும் இப்படித் தைத்ததில்லை.

அடுத்த முறை சிறைக்குப் போனபோது இதை அந்தப் பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனாள். அவருக்குத் தெரியட்டும், நீயே சொல்லிவிடு என்று எப்படியாவது அவளை மசியவைக்க வேண்டும் என்று மனதில் வார்த்தைகளைக் கூட்டி வைத்திருந்தாள். வலைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் வந்து நின்றாள். தலையைப் படிய வாரியிருந்தாள். முகம் முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

"அவர் உங்க ஆபீஸுக்கு வந்தாராமே அக்கா."

"உனக்கு யாரு சொன்னா?"

"அவரேதான். நேத்து வந்திருந்தாரு. பேப்பருக்குச் சொன்ன அந்த ஆளை நல்லா நாலு வார்த்தை திட்டி, சாபம் விட்டுட்டு வந்தேன்னு சொன்னாரு. சொல்லும்போதே அழுதுட்டாரு. தங்கச்சி போனதுல இருந்து அவர் வாய்விட்டு அழுததே இல்லை அக்கா. நேத்துத்தான் அழுதாரு."

துருவி கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "நீ என்னம்மா சொன்னே?"

"நான் என்ன சொல்றது? அவர் முகத்தைப் பார்த்துட்டு எனக்குத் தாங்கலை. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன் அக்கா. அந்த ஆள் விளங்கவே விளங்காதுன்னு சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு."